மண்ணில் எழுதினவர்

சோளகம் எழும்பின வெள்ளிக்கிழமை.
எங்கட பங்குக் குழுவில இருநூற்றுப் பதினாறு பேர்,
நான் அட்மின்.
பூசை நேரம், மரண அறிவித்தல்,
தண்ணி வராத ஒழுங்கையளின்ர பேர்
எல்லாம் என்ர பெருவிரல் வழியாத்தான் பாஷையூருக்குப் போகும்.

பின்னேரம் நாலு மணிக்கு
ஆரோ எவரிட்டயோ வாங்கி அனுப்பின
பதினொரு விநாடிக் குரல்:
மண்டைதீவுக்கு அங்கால வள்ளம் ஒண்டு கவிண்டிட்டுதாம்,
ரெண்டு பேர் முடிஞ்சுதாம்,
எங்கட பெடியளாம்.

கேள்விப்பட்டதுக்கெண்டே
ஒரு வால் வைச்சிருக்குது எங்கட மொழி.
ஆம்.
நான் பாக்கேல்லை, ஆரோ சொன்னது,
பிழையெண்டால் என்னைப் பிடியாதை எண்டு
ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலயும் அது ஆடிக்கொண்டு வரும்.

நான் அந்த வாலை நறுக்கினன்.
வடிவான தமிழில எழுதினன்:
வள்ளம் கவிழ்ந்தது. இருவர் மரணம். செபியுங்கள்.
கடைசியில கைகூப்பின படம் ஒண்டு.

ஒரு நிமிசம் ஆகேல்லை.
ஆமென்.
ஆமென் ஆமென்.
கனடாவில நித்திரையால எழும்பின ஒருத்தியும் ஆமென்.
நாற்பத்திமூண்டு பேர்
என்ர பொய்யை மெய்யெண்டு சொல்லி முத்திரை குத்திச்சினம்,
முழங்காலில நிண்டு.

எமில்டா அப்ப குசினியில.
றெக்சன் விடியப் போனவன், மத்தியானம் திரும்பியிருக்கோணும்.
அவள் கடற்கரைக்கு ஓடேல்லையாம்.
(இந்த 'ஆம்' இருக்கட்டும். நான் பாக்கேல்லை.)
அலுமாரியைத் திறந்து
அவன்ர கலியாண வெள்ளைச் சேட்டை எடுத்து
மேசையில விரிச்சு
அயன் பண்ணியிருக்கிறாள்.
கொலர். கை. மற்றக் கை. தெறியைச் சுத்தி நுனியால.
பெட்டியில வைக்கேக்க சுருக்கம் இருக்கக்கூடாதெண்டு.

எட்டுப் பத்துக்கு அவன் வந்தான்.
எஞ்சின் நிண்டுபோச்சு, அவ்வளவுதான்.
கதிரையில தொங்கின சேட்டைப் பாத்து
எங்க போறம் எண்டு கேட்டானாம்.

நான் எல்லாருக்கும் அழி எண்டதை அமத்தினன்.
இந்தச் செய்தி அழிக்கப்பட்டது
எண்டு ஒரு வரி அங்க நிக்குது,
பேர் வெட்டாத கல்லறைக் கல்லு மாதிரி.
சேட்டில பிடிச்ச மடிப்பை எந்தப் பொத்தான் அழிக்கும்?

ஞாயிறு அவன் அதைத்தான் போட்டுக்கொண்டு பூசைக்கு வந்தான்.
சமாதானம் சொல்லுற நேரம்
எமில்டா திரும்பினாள்.
என்னைக் கண்டாள்.
கைகூப்பினாள், ஆறுதலா,
ஒரு விரலுக்குப் பிறகு மற்ற விரல் சேருறமாதிரி.
நான் இருநூற்றுப் பதினாறு பேருக்கு
அரை விநாடியில அனுப்பினதை
அவள் ஒருத்தனுக்குக் குடுக்க எவ்வளவு நேரம் எடுத்தாள்.
மன்னிப்போ எண்டு தெரியேல்லை.
கேக்கவும் துணிவில்லை.

ஆண்டவரே,
நீர் எழுதினதெண்டு நாங்கள் அறிஞ்சது ஒருக்காத்தான்.
விரலால. மண்ணில.
சுத்திவர கல்லோட சனம்,
நடுவில ஒருத்தி,
உடன பதில் சொல்லு உடன சொல்லு எண்டு சத்தம்.
நீர் குனிஞ்சிட்டீர்.
என்ன எழுதினீரோ, ஒருத்தரும் பிரதி எடுக்கேல்லை.
காத்து வந்து கூட்டிக்கொண்டு போட்டுது.
ஆனால் நீர் எழுதி முடிக்கிற அந்த நேரத்துக்குள்ளதான்
அவையளுக்குக் கையில இருந்த கல்லு பாரமாச்சு.

இண்டைக்கும் ஒண்டு வந்திருக்கு.
ஒரு ரீச்சர் பிள்ளையின்ர படம்,
கொழும்புத்துறைச் சந்தியில ஆரோடயோ நிக்கிறாவாம்.
குழுவில போடச் சொல்லி மூண்டு பேர்.
அமலதாஸ் அண்ணை நாலாந்தரம் கேக்கிறார்,
என்ன இன்னும் போடேல்லை, போன் பழுதோ?

ஒரு சொல்லு எழுதுறன், அழிக்கிறன்.
எழுதுறன், அழிக்கிறன்.
எழுதிக்கொண்டிருக்கிறார் எண்டு
என்ர பேருக்குக் கீழ
அவருக்குக் காட்டிக்கொண்டே இருக்கும்.

இல்லை அண்ணை.
குனிஞ்சிருக்கிறன்.